பௌர்ணமிக்கு ஒரு கேள்வி இரவு

இங்கிலாந்தில் மதுச்சாலை நடத்துகிறவருக்கு வெள்ளியும் சனியும் கவலையில்லை. கூட்டம் தானாக வரும். ஞாயிறு இரவும் வாரத்தின் நடுநாட்களும்தான் கதிரைகள் காலியாகக் கிடக்கும். 1976இல் ஷரன் பர்ன்ஸ், டொம் போர்ட்டர் என்ற இருவர் அந்தக் காலி இரவுகளுக்கு ஒரு வழி கண்டார்கள். தென் இங்கிலாந்தில் 32 அணிகளைச் சேர்த்து, மூன்று லீக்குகளாகப் பிரித்து, மதுச்சாலைகளுக்குள்ளே வினாடி வினா நடத்தினார்கள். பிறகு அது வாரத்துக்குப் பத்தாயிரம் அணிகள் வரை வளர்ந்தது. 2009இல் எடுத்த ஒரு கணக்கு, பிரித்தானியாவில் வாராவாரம் தவறாமல் நடக்கும் ‘பப் குவிஸ்’ 22,445 என்று சொன்னது.

அந்த இரவு எப்படி இருக்கும்? ஒரு மேசைக்கு நாலைந்து பேர். தலைக்கு ஒரு பவுண்டோ இரண்டு பவுண்டோ கட்டணம். அணிக்கு ஒரு பகிடிப் பெயர். ஒலிவாங்கியோடு ஒருவர் நின்று கேள்வியை இரண்டு தரம் வாசிப்பார். கையை உயர்த்திக் கத்துகிற வேலை இல்லை. மேசைக்குள்ளேயே குசுகுசுத்து விடையைத் தாளில் எழுத வேண்டும். ஒரு சுற்றுக்குப் பத்துக் கேள்வி. நடுவில் ஒரு படச் சுற்று, ஒரு பாட்டுச் சுற்று. ‘ஜோக்கர்’ வைத்த சுற்றுக்குப் புள்ளி இரட்டிப்பு. முடிவில் பக்கத்து மேசையோடு தாளை மாற்றித் திருத்துவார்கள். அப்போதுதான் சண்டை வரும். எழுத்துப் பிழைக்குப் புள்ளி உண்டா, குடும்பப் பெயர் மட்டும் எழுதினால் போதுமா என்று குரல் உயரும். ‘கேள்வி கேட்பவர் சொல்வதே தீர்ப்பு’ என்ற ஒரே சட்டத்தில் எல்லாம் அடங்கும். பரிசு என்று பார்த்தால் ஒரு சொக்லேட் பெட்டி, ஒரு சுற்றுப் பியர், அல்லது அன்று சேர்ந்த சில்லறை.

அணிக்குள்ளே நடப்பதுதான் உண்மையான நாடகம். ஒருவருக்கு உதைபந்தாட்டம் மட்டும் தெரியும். ஒருவருக்கு அரச குடும்பம். ஒருவர் பழைய பாட்டுக்கென்றே அழைத்து வரப்பட்டவர். ஒன்றும் தெரியாத ஒருவரும் இருப்பார். கையெழுத்து அழகு என்பதால் பேனா அவரிடம். சரியான விடையை ஒருவர் மெல்லிய குரலில் சொல்வார். தவறான விடையை இன்னொருவர் அடித்துச் சொல்வார். தாளில் ஏறுவது இரண்டாவதுதான். தாள் திருத்தும்போது அந்த மெல்லிய குரல்காரர் வாயைத் திறக்கமாட்டார், பார்வை மட்டும் பார்ப்பார். அதற்கு அடுத்த கிழமை வரை தாங்கும் வலு உண்டு. இப்படி ஒரே நால்வர் ஒரே மேசையில் இருபது வருடம் இருந்த கதைகள் அங்கே சாதாரணம்.

மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு இதை ஏன் பேச வேண்டும்? இந்த ஊருக்கு இது வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் மதுச்சாலை வேண்டாம்.

மதுச்சாலை இல்லாமல் இந்த விளையாட்டு நிற்குமா என்று கேட்பவர்களுக்கு இந்தியா பதில். பர்ன்ஸும் போர்ட்டரும் தொடங்குவதற்கு ஒன்பது வருடம் முந்தி, 1967இல், கல்கத்தாவில் கிறைஸ்ட் த கிங் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் நீல் ஓ பிரையன் ஒரு வினாடி வினா நடத்தினார். இந்தியாவின் முதல் பொது வினாடி வினா என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1972இல் ஹைதராபாத்தில் ‘கே சர்க்கிள்’ பிறந்தது, சனிக்கிழமைதோறும் கூடுகிறவர்கள். 1983இல் பெங்களூரில் கர்நாடக வினாடி வினாச் சங்கம். சென்னையில் சுதந்திர தினம் என்றால் கொடியேற்றம் முடிந்த கையோடு மியூசிக் அகடமிக்குப் போகும் ஒரு கூட்டம் பல வருடம் இருந்தது. அங்கே ‘லேண்ட்மார்க்’ புத்தகக் கடையின் வினாடி வினாவை நடத்தியவர் கண் வைத்தியர் நவீன் ஜெயக்குமார். மார்கழியில் கச்சேரி கேட்கும் மண்டபத்தில் ஆவணியில் கேள்வி கேட்க அவ்வளவு சனம் வந்தது. பங்கு மண்டபம், கல்லூரி, சபா என்று எல்லாமே தேநீரோடு நடந்த கூட்டங்கள்.

இந்திய ஆட்டக்காரர்கள் கேள்வியின் சுபாவத்தையும் மாற்றினார்கள். ‘இந்த நாட்டின் தலைநகர் எது’ என்பதை அவர்கள் கேள்வியாகவே மதிப்பதில்லை. தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் யோசித்தும் பயனில்லை. அவர்கள் கேட்பது துப்புகளைப் பின்னிய கேள்வி. ஒன்று தெரியாவிட்டால் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு ஏறலாம். நால்வருடைய அரைகுறை அறிவு சேர்ந்து ஒரு முழு விடையாகும். கல்லடிக்கும் வேண்டியது இந்த வகைதான். நம்மூருக்கு ஏற்ற மாதிரி ஒன்று எழுதிப் பார்த்தேன்:

‘லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி ஒருவர் துறவியானார். வழக்கொழிந்துபோன ஓர் இசைக்கருவியைப் பழைய இலக்கியத்திலிருந்தும் கணிதத்திலிருந்தும் மீட்டெடுத்து ஒரு நூல் எழுதினார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். எந்தக் கருவி?’

விடை, யாழ் என்ற கருவி. காரைதீவில் 1892இல் மயில்வாகனமாகப் பிறந்து விபுலானந்த அடிகளானவர்தான் அந்தத் துறவி. அவர் துயிலும் இடம் கல்லடி உப்போடையில், 1929இல் அவர் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்தின் பக்கத்தில்தான். அவர் பெயரிலான அழகியற் கற்கைகள் நிறுவகமும் இந்தக் கல்லடியில். ஆனாலும் ‘திருக்கொள்ளம்பூதூர்’ என்ற இடத்தில் பாதி மேசை தடுமாறும், ‘விஞ்ஞானப் பட்டதாரி’ என்ற இடத்தில் மீதிப் பாதி. ‘துறவி, நூல், 1947’ மூன்றையும் ஒருவர் சேர்த்துவிட்டால் மேசை முழுக்கச் சிரிப்பு வரும். விடை தெரிந்த மகிழ்ச்சியைவிட, கண்டுபிடித்த மகிழ்ச்சி அது.

இன்னொன்று, கொஞ்சம் இலேசானது: ‘அமெரிக்காவின் லூசியானாப் பக்கமிருந்து வந்த இயேசு சபைக் குருமார் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் வளர்த்த விளையாட்டு எது?’ இலங்கையில் பாதிரியார் என்றால் கிரிக்கெட் என்று நினைக்கிறவர் விழுவார். அமெரிக்கா என்ற துப்பைக் கவனித்தவர் கூடைப்பந்து என்று எழுதுவார்.

வானொலிக்காரர்களை மறக்கக்கூடாது. 1972இல் இந்திய வானொலியில் ‘போன்விட்டா’ வினாடி வினாவைத் தொடங்கியவர் ஹமீத் சயானி. அவர் மறைந்த பிறகு அதை எடுத்து நடத்தியவர் தம்பி அமீன் சயானி. அந்த அமீன் சயானியின் குரலை இந்தியா முழுக்கக் கொண்டுபோனது கொழும்பிலிருந்து ஒலித்த இலங்கை வானொலி. 1952இலிருந்து ‘பினாக்கா கீத்மாலா’ இங்கிருந்துதான் போனது. தமிழில் நமக்கு பி. எச். அப்துல் ஹமீத் இருந்தார். ‘பாட்டுக்குப் பாட்டு’ வெறும் பாட்டு நிகழ்ச்சி என்றா நினைக்கிறீர்கள்? கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டை நொடிக்குள் ஞாபகத்திலிருந்து எடுக்க வேண்டும். நினைவாற்றலுக்கு வைத்த போட்டிதான் அது. படிக்காதவரும் மேடையேறி வெல்லக்கூடியதாக இருந்ததே அதன் பெருமை.

தொலைக்காட்சி வந்து கணக்கை மாற்றியது. 2000ஆம் ஆண்டில் அமிதாப் பச்சன் இந்தியில் கேள்வி கேட்க, சரத்குமார் சன் தொலைக்காட்சியில் ‘கோடீஸ்வரன்’ நடத்தினார். கேள்வி அறிவுக்கு வைத்ததா அதிர்ஷ்டத்துக்கு வைத்ததா என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. பணம் பெருத்தால் களவும் வரும். 2001இல் இங்கிலாந்தில், இதன் மூல நிகழ்ச்சியில், சார்ல்ஸ் இங்கிராம் என்ற இராணுவ மேஜர், அரங்கில் இருந்த இன்னொருவரின் இருமலைக் கேட்டுக் கேட்டு விடை சொல்லிப் பத்து இலட்சம் பவுண்டு வென்றார். பணம் கைக்கு வரவில்லை, நீதிமன்றத் தீர்ப்புத்தான் வந்தது. சொக்லேட் பெட்டிக்காக யாரும் அப்படி இருமுவதில்லை.

இனிக் கல்லடி.

இந்த ஊரில் கேள்விக்கும் இரவுக்கும் வேறொரு சரித்திரம் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். 1972இல் பிபிசி தொடங்கிய ‘மாஸ்டர்மைண்ட்’ நிகழ்ச்சியில் ஒற்றைக் கறுப்பு நாற்காலி, முகத்தில் வெளிச்சம், இருட்டிலிருந்து வரும் கேள்விகள். அதை உருவாக்கிய பில் ரைட் இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரிடம் பிடிபட்டு விசாரிக்கப்பட்டவர். பெயர், பதவி, இலக்கம் என்று அங்கே கேட்டதை, பெயர், தொழில், சிறப்புத் துறை என்று மாற்றி விளையாட்டாக்கினார். மட்டக்களப்பு ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெயர் என்ன, எந்த ஊர், எங்கே போறீங்க, பையில் என்ன என்று போர்க்காலத்தில் பாலத்தடிச் சோதனைச்சாவடியில் நின்று விடை சொன்ன தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்தக் கேள்விகளுக்குத் தவறான விடை என்று ஒன்று இருந்தது, அதன் விலையும் எல்லோருக்கும் தெரியும். பொழுதுபட்டால் கதவைச் சாத்திய வருடங்கள் அவை. பிறகு 2004 மார்கழியில் கடல் வந்து திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரத்தையே சாய்த்துவிட்டுப் போனது. கடற்கரைக்கு மாலையில் போய் இருப்பதற்கே சனத்துக்கு மனம் வரச் சில காலம் எடுத்தது.

இன்று அப்படியில்லை. 2013இல் புதுப் பாலம் திறந்த பிறகு, ஆளுநர் மனிங் காலத்தில் அவர் மனைவி பெயரால் கட்டிய பழைய இரும்புப் பாலம் நடப்பவர்களுக்கும் தூண்டில் போடுகிறவர்களுக்கும் மிஞ்சியது. வெயில் சாய்ந்தால் பாலத்திலும் கடற்கரையிலும் சனம். கொத்து ரொட்டிக் கடையில் தகரச் சத்தம், பிள்ளைகள் ஐஸ்கிரீமோடு மணலில். வெளியே வந்து இருக்கும் பழக்கம் திரும்பிவிட்டது. வந்து இருந்து என்ன செய்வது என்பதுதான் மிச்சம். ஆளுக்கொரு கைத்தொலைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதற்கு வாவிக்கரை எதற்கு?

கட்சி கட்டி விளையாடுவது இந்த மண்ணுக்குப் புதிதுமல்ல. கண்ணகை அம்மனுக்காக ஆடும் கொம்புமுறியில் ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகும். இரண்டு கொம்புகளைக் கொளுவி இரு பக்கமும் இழுக்க, முறிந்த பக்கம் தோற்ற பக்கம். கோவலன் கட்சிக்கும் கண்ணகி கட்சிக்கும் உள்ள போட்டியாகவே அதைச் சொல்வார்கள். தோற்றவர்களுக்குப் பாட்டிலே வசை கிடைக்கும்; அடுத்த நாள் ஒன்றாக வயலுக்குப் போவார்கள். வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ நூலைப் புரட்டினால் இந்த நாட்டின் ஆட்டமும் பாட்டும் எவ்வளவு விரிந்தது என்பது தெரியும். முற்றத்தில் பாய் போட்டு நொடி போட்டு விளையாடியதும் நேற்று வரை நடந்ததுதான்.

இத்தனை இருந்தும், ‘பொது அறிவு’ என்றதும் நம் பிள்ளைகளுக்கு வருவது பயம். ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசிலுக்காகத் தொடங்குகிறது. அரசாங்க வேலைக்குப் போட்டிப் பரீட்சை எழுதும்போது நுண்ணறிவும் பொது அறிவும் மறுபடி வந்து நிற்கும். அதற்கொரு டியூஷன், அதற்கொரு வழிகாட்டி நூல். வேலை கிடைத்த அன்றே அந்தப் புத்தகம் பழைய பேப்பர்காரருக்குப் போகும். முப்பது வயதுக்கு மேல் நம்மிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் அது வங்கியாகவோ வைத்தியராகவோ இருக்கும். தெரிந்துகொள்வதை விளையாட்டாக வைத்துக்கொள்ளும் வளர்ந்தவர்களைப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடங்களில் வினாடி வினா நடத்துங்கள் என்று நான் சொல்லவில்லை, அது போதியளவு நடக்கிறது. பெரியவர்களுக்கு நடத்துங்கள் என்கிறேன்.

மதுச்சாலை வேண்டாம் என்பதற்கு வருகிறேன். ஒழுக்கப் பிரசங்கமாக எடுக்க வேண்டாம். குடியால் குடும்பங்கள் படும் பாடு கிழக்கில் புதிய செய்தியில்லை. 2017இல் கல்குடாவில் மதுசார ஆலை வரப்போகிறது என்றதும் இந்த மாவட்டத்தில் எதிர்ப்பு எப்படிக் கிளம்பியது என்பதும் நினைவிருக்கும். அதைவிட எனக்கு முக்கியமான காரணம் யார் வருவார்கள் என்பது. கள்ளுத் தவறணையிலோ பாரிலோ வைத்தால் ஆண்கள் மட்டும், அதிலும் ஒரு பகுதி ஆண்கள் மட்டும் வருவார்கள். மனைவி வரமாட்டார், பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் வரமாட்டார். கல்லடியிலிருந்து வண்டியை மிதித்தால் வந்துவிடும் முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து ஒருவரும் வரமாட்டார். நாலு பேர் அணியில் ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் ஒரே தாளில் தலை குனிந்திருப்பது இந்த இடத்தில் சின்ன விஷயமில்லை. 1990, 2019 என்று இரத்தம் சிந்திய ஆண்டுகளை மட்டும் சொன்னாலே இங்கே எல்லோருக்கும் விளங்கும். வினாடி வினா சமாதானம் கொண்டுவரும் என்று அளக்கமாட்டேன். ஆனால் கிரிக்கெட் கேள்விக்கு அந்த ஊர் ஆளையும், கோயில் கேள்விக்கு இந்த ஊர் ஆளையும் தேட வேண்டிவரும். வெல்ல ஆசை உள்ளவர்கள் தேடுவார்கள்.

ஆகவே நாள் தானாகவே அமைகிறது: பௌர்ணமி. போயா என்றால் இலங்கை முழுக்க விடுமுறை, மதுக்கடை முழுக்கப் பூட்டு. வருடத்துக்குப் பன்னிரண்டு, சில வருடம் பதின்மூன்று. யாருக்கும் ஞாபகமூட்டத் தேவையில்லை, நாட்காட்டியும் வானமும் சொல்லிவிடும். பப் குவிஸ் நிலைத்ததன் இரகசியமே நாள் மாறாததுதான். ‘வசதிப்படும்போது கூடுவோம்’ என்று தொடங்கிய சங்கங்கள் எத்தனை மூன்றாம் கூட்டத்தைப் பார்த்தன என்று யோசித்துப் பாருங்கள்.

செலவு பெரிதில்லை. கடற்கரைப் பக்கம் ஒரு மண்டபமோ பெரிய தேநீர்க் கடையோ. தலைக்கு நூறு ரூபாய். பிளேன்ரீ, றோல்ஸ். கடைக்காரருக்கு மந்தமான இரவில் நாற்பது பேர் வந்தால் அவரே அடுத்த மாதம் கதிரை போட்டு வைப்பார். கைத்தொலைபேசிகளை ஒரு பன்பையில் போட்டு மேடையருகே வைத்துவிட வேண்டும். இதில் மட்டும் இரக்கம் காட்டக் கூடாது. ஆறு சுற்று, ஒன்றரை மணி நேரம். ஒன்பதரைக்குள் முடியாவிட்டால் பஸ் பிடிக்கிறவர்கள் அடுத்த முறை வரமாட்டார்கள். பாட்டுச் சுற்றை விட்டுவிடாதீர்கள். அப்துல் ஹமீதைக் கேட்டு வளர்ந்த அம்மாமார் அந்தச் சுற்றில் எல்லோரையும் தூக்கி எறிவதைப் பார்க்கவே போகலாம்.

கடினமான வேலை கேள்வி எழுதுவது. ‘ட்ரிவியல் பர்சூட்’ என்ற பலகை விளையாட்டு உலகமெங்கும் விற்றுக்கொண்டிருந்த 1984இல், பிரெட் வொர்த் என்ற அமெரிக்கர் அதன்மேல் முப்பது கோடி டொலர் கேட்டு வழக்குப் போட்டார். அவர் எழுதிய தகவல் களஞ்சியத்தில், தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் ‘பிலிப்’ என்று வேண்டுமென்றே ஒரு பொய்யை நட்டிருந்தார், களவெடுப்பவரைப் பிடிக்க. அந்தப் பொய் அப்படியே விளையாட்டு அட்டையில் வந்திருந்தது. தகவலுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று நீதிமன்றம் அவரைத் தோற்கடித்தது வேறு கதை. நம்மூர்ப் பொது அறிவு நூல்களில் எத்தனை ‘பிலிப்’ ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கிறது என்று யார் கண்டார்? ஒரு புத்தகத்தை நம்பிக் கேள்வி எழுதக் கூடாது. அமைச்சர் யார், சனத்தொகை எவ்வளவு போன்ற காலாவதியாகும் கேள்விகளும் வேண்டாம்.

கல்லடியில் எழுதவே கூடாத கேள்வியும் ஒன்று உண்டு. பௌர்ணமி இரவில் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் கேட்கும் என்பார்களே, அந்தப் பாடும் மீன். 1848இல் இங்கே வந்து அந்த ஒலியைக் கேட்ட எமர்சன் டெனன்ட், அது மீனில்லை, ஊரி என்ற நத்தை வகை என்ற பக்கம் சாய்ந்து எழுதினார். 1950களில் ஓர் அமெரிக்கக் குருவானவர் அதை ஒலிப்பதிவு செய்து வானொலிக்குக் கொடுத்தார். பாடுவது மீனா ஊரியா வேறொன்றா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அதைக் கேள்வித்தாளில் போட்டால் நாற்பது பேரும் நாற்பது விடை சொல்வார்கள், எல்லோரும் தாத்தாவைச் சாட்சிக்கு இழுப்பார்கள், கேள்வி கேட்பவரின் தீர்ப்பை ஒருவரும் ஏற்கமாட்டார்கள்.

கேள்வி எழுத ஒருவர், சரிபார்க்க ஒருவர், புள்ளி போட ஒருவர். இந்த மூவர் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். வரும் பௌர்ணமிக்கு நாள் போதாது என்றால் அதற்கடுத்த பௌர்ணமிக்குக் கூப்பிடுங்கள்.